ஆட்டக்காரரை ஆட்டி வைக்கும் தரை!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்கத் தரையின் மீது பழி போடுகிறவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்வார்கள்.

ஆனால் டென்னிஸ் ஆட்டத்தில் இந்தப் பழமொழி செல்லாது. அங்கே, நன்றாக ஆடத் தெரிந்தவரையும் தரை கவிழ்த்துவிடும்!

மூன்று தரைகள்

டென்னிஸ் முக்கியமாக மூன்று வகைத் தரைகளில் ஆடப்படுகிறது. புல் தரை, மண் தரை, கெட்டித் தரை.

புல் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். தாழ்வாகவும் வேகமாகவும் வரும். ஓங்கி 'சர்வீஸ்' போட்டு, வலை அருகே ஓடி வந்து, பந்து கீழே விழும் முன்பே அடிப்பவருக்கு அங்கே கொண்டாட்டம்.

மண் தரையைக் களிமண் தரை என்பார்கள். பெயர்தான் அப்படி. பாரீஸ் நகரப் பந்தயத்தில் தரையின் மேலே தூவியிருப்பது செங்கல் தூள்! அதில் பட்டதும் பந்தின் வேகம் குறையும். உயரமாக எழும்பும். எதிராளி ஓடிப்போய் எடுக்க நேரம் கிடைத்துவிடும். ஒரு புள்ளி எடுப்பதற்குள் மூச்சு வாங்கும். பொறுமையும் கால் பலமும் உள்ளவரே அங்கே ராஜா.

கெட்டித் தரை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பந்து ஒரே சீராக எழும்பும்.

சாம்பியனுக்கும் சறுக்கல்

அமெரிக்க வீரர் சாம்ப்ராஸ் விம்பிள்டன் புல் தரையில் 7 முறை பட்டம் வென்றவர். பாரீஸ் மண் தரையில் ஒரு முறைகூட வெல்லவில்லை.

லெண்டில் கதை நேர் எதிர். பாரீசில் 3 முறை வென்றார். விம்பிள்டனில் 1986, 1987 இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றார்.

இவர்களுக்கு ஆடத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

2007-ல் ஸ்பெயினில் ஒரு வேடிக்கைப் பந்தயம் நடந்தது. வலைக்கு ஒரு பக்கம் புல், மறு பக்கம் மண்! மண் தரையில் தொடர்ந்து 72 ஆட்டங்கள் வென்றிருந்த நடாலும், புல் தரையில் தொடர்ந்து 48 ஆட்டங்கள் வென்றிருந்த பெடரரும் மோதினார்கள். பக்கம் மாறும்போதெல்லாம் காலணியையும் மாற்றினார்கள். கடைசியில் 7-5, 4-6, 7-6 என்று நடால் தப்பிப் பிழைத்தார்.

நமக்குக் கிடைத்த பாடம்

இந்தப் பாடம் நமக்கும் கிடைத்தது. 1987-ல் டேவிஸ் கோப்பை அரை இறுதியில், சிட்னி நகரப் புல் தரையில், இந்தியா ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் மூவருமே சென்னைக்காரர்கள். புல் தரை அவர்களுக்குக் கைவந்த கலை.

இறுதிப் போட்டி சுவீடனில் நடந்தது. சுவீடன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளரங்கில் மண் தரையைப் போட்டுவிட்டார்கள்! முடிவு: 5-0. இந்தியா தோற்றது.

இது சூழ்ச்சியா? இல்லை. சொந்த ஊரில் ஆடுகிறவர் தரையைத் தேர்ந்தெடுக்க விதி இடம் கொடுத்தது. சுவீடன் வீரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. விலாண்டர் பாரீசில் ஏற்கெனவே இரண்டு முறை வென்றவர்.

ஒரே தரை வேண்டாம்

"எல்லா ஊரிலும் ஒரே தரை போட்டால் நியாயமாக இருக்குமே" என்று சிலர் கேட்கலாம். அது தவறு என்பதே என் கருத்து.

ஒரு காலத்தில் நான்கு பெரிய பந்தயங்களில் மூன்று புல் தரையில் நடந்தன. அமெரிக்கா 1975-ல் புல்லைக் கைவிட்டது. ஆஸ்திரேலியா 1988-ல் கைவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது விம்பிள்டன் ஒன்றுதான். வலைக்கு ஓடி வந்து ஆடும் அழகான ஆட்டமும் அருகிவிட்டது. மட்டையும் நரம்பும் மாறியது இதற்கு ஒரு காரணம். தரை மாறியது மற்றொரு காரணம்.

தரைகள் பலவாக இருந்தால்தான் வீரர்களும் பலவிதமாக இருப்பார்கள். 1978, 1979, 1980 மூன்று ஆண்டுகளிலும், சில வார இடைவெளியில், பாரீசிலும் விம்பிள்டனிலும் போர்க் வென்றார். அதை இன்றும் உலகம் புகழ்கிறது. தரை ஒன்றாக இருந்தால் அந்தப் புகழுக்குப் பொருள் ஏது?

பெற்றோர்களே! தோற்று வரும் பிள்ளையைத் திட்டும் முன், "எந்தத் தரையில் ஆடினாய்?" என்று கேளுங்கள்.

பிள்ளைகளே! கூடம் கோணல் என்று சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் கோணல் கூடத்திலும் ஆடப் பழகுங்கள்!