ஆடிப் பெருக்கும் அண்டை வீட்டாரும்

கிருஷ்ணராஜ சாகர் அணையில் நீர்மட்டம் 124.80 அடியைத் தொட்டுவிட்டால் அணை நிறைந்துவிட்டது என்று பொருள். உடனே கர்நாடக முதலமைச்சர் நேரில் வந்து காவிரித் தாய்க்கு 'பாகினம்' சமர்ப்பிப்பது வழக்கம். மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி, தானியம் ஆகியவற்றை முறத்தில் வைத்து, மற்றொரு முறத்தால் மூடி, நீரில் விடுவார்கள். 2025ஆம் ஆண்டில் ஜூன் மாதத்திலேயே அணை நிறைந்து, 30ஆம் தேதி இந்தப் பூஜை நடந்தது.

ஆடி 18 அன்று தமிழ்நாட்டுப் பெண்கள் காவிரிக் கரையில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மஞ்சள், குங்குமம், காதோலை, கருகமணி, பூ, பழம் வைத்துப் படைக்கிறார்கள். புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுக்கிறார்கள். ஆறு எட்டாத ஊர்களில் வாய்க்காலே காவிரி. அங்கேயே படையல் நடக்கிறது. பெயர் வேறு, வழிபாடு ஒன்று. மைசூர்த் தமிழர்கள் இதை மனதில் வைத்து ஆடிப் பெருக்கை வரவேற்க வேண்டும்.

இரண்டு மாநிலத்தையும் இணைக்கும் கயிறு இது ஒன்று மட்டுமல்ல. ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், ஸ்ரீரங்கம் அந்தியரங்கம் என்று பெரியோர் வரிசைப்படுத்தி வைத்தார்கள். துலா சங்கிரமணத்தன்று தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்குவதைக் காண குடகு மக்கள் திரளுகிறார்கள். அதே ஐப்பசியில் மயிலாடுதுறையில் துலா நீராடுகிறார்கள். ஆற்றின் தலைக்கும் கடைக்கும் ஒரே பஞ்சாங்கம்தான்.

அப்படியிருந்தும், இந்த விழாவை வீட்டுக் குழாயடியிலேயே முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே உண்டு. காரணம் எல்லாரும் அறிந்ததே. 1991ஆம் ஆண்டு நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் நடந்த கொடுமைகளைப் பெரியவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் அந்தப் பயம் மறுபடியும் தலைதூக்கியது. பட்டவர்கள் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கொண்டாடும் பண்டிகை ஒரு தலைமுறையோடு நின்றுபோகும். இங்கே பிறந்து கன்னடத்தில் படிக்கும் பிள்ளைக்கு, ஆடிப் பெருக்கு என்பது அன்றைய தினம் கிடைக்கும் புளியோதரை என்றாகிவிடும்.

தண்ணீர்க் கணக்கு தீர்க்கப்படும் இடம் வேறு. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைக் கவனிக்க மேலாண்மை ஆணையம் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் அகல் விளக்கு ஏற்றும் பெண் ஒரு சொட்டுத் தண்ணீரையும் யாரிடமிருந்தும் எடுத்துப் போவதில்லை. இதை அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லச் சிறந்த வழி, அவர்களையும் உடன் அழைத்துச் செல்வதே.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டிய சரித்திரமும் இந்தக் கரையிலேயே கிடக்கிறது. சிக்கதேவராஜ உடையார் காலத்தில் வெட்டிய கால்வாய் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணையிலிருந்து புறப்படும் கால்வாய்க்கு முதலில் இர்வின் பெயர் இருந்தது. பிறகு விசுவேசுவரய்யா பெயர் வைக்கப்பட்டது. மண்டியாவின் கரும்பும் நெல்லும் அந்தக் கால்வாயின் பிள்ளைகள். 1902இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே மைசூர்ச் சீமையின் காவிரிச் சரித்திரத்தில் தமிழனின் வியர்வையும் கலந்திருக்கிறது. ஈரோட்டு விவசாயிகள் தை 5 அன்று, வாய்க்கால் வெட்டிய காலிங்கராயனை நினைத்து நன்றி செலுத்துகிறார்கள். வெட்டியவரை நினைக்கும் அந்த வழக்கம் இங்கும் வந்தால் நல்லது.

நடைமுறையில் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். ஆடி 18 கர்நாடகத்தில் அரசு விடுமுறை அல்ல. ஷிப்டு வேலைக்காரரும் ஆபீஸ் குமாஸ்தாவும் அன்று லீவு போட முடியாது. வீட்டுப் படையலை அன்றே முடித்து, கூட்டு விழாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. படித்துறை உள்ள ஆற்றங்கரையையே தேர்ந்தெடுக்க வேண்டும். அணையிலிருந்து தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிடும் நாட்களில் கரையோடு நின்றுகொள்ள வேண்டும். பெரிய கால்வாய்களில் குழந்தைகளை இறக்கவே கூடாது. 2018 நவம்பர் 24 அன்று பாண்டவபுரம் அருகே விசுவேசுவரய்யா கால்வாயில் பஸ் கவிழ்ந்து 30 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. சரிவான கரையில் வழுக்கி விழுந்தவர் ஏறுவது கடினம்.

பிளாஸ்டிக் பையோடு பூஜைப் பொருளை ஆற்றில் எறிவதும், பழைய துணியை விட்டுவிட்டு வருவதும் காவிரிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டை அலற விட்டு, அதற்கு ஆட ஆள் பிடிப்பது பொழுதுபோக்காக இருக்கலாம், விழாவாகாது. நம் பெண்களின் கும்மியும் கோலாட்டமும் இருக்க, மாதேசுவரன் மலை பக்தர்களின் கம்சாளே ஆட்டமும் இருக்க, வேறு வேடிக்கை எதற்கு? இரண்டும் ஒரே மேடையில் ஏறட்டும். நோட்டீசைக் கன்னடத்திலும் தமிழிலும் அச்சிட வேண்டும். உள்ளூர்ப் பஞ்சாயத்துக்கும் போலீசுக்கும் முன்கூட்டியே எழுதித் தெரிவித்து அனுமதி பெற வேண்டும்.

இந்தக் காரியங்களுக்குப் பெரிய செலவு இல்லை. தெருவுக்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஆனி மாதத்திலேயே கூடிப் பேசி, பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கு முதல் அழைப்பைக் கொடுக்க வேண்டும். அணையில் பாகினம் விடும் நாளில் தமிழர்களும் போய் வணங்க வேண்டும். ஒரே தாய்க்குச் செய்யும் சீரில் ஒருவர் வீட்டு முறத்துக்கு இன்னொருவர் மஞ்சள் தருவதில் யாருக்கும் குறைவு வராது.