ஈயச் சொம்பில் என்ன ரசம்?

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஏதாவது ஒரு தனிமத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலும் தெருவிலும் தோப்பிலும் அது செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். பலகை, காய், சீட்டுக்கட்டு எதுவும் தேவையில்லை. மின்சாரம் போன மாலையும் ஒரு திண்ணையும் போதும். தமிழ் விடுகதைக்கு இது தம்பி முறை. மலையாளத்தில் விடுகதைக்குக் 'கடங்கதை' என்று பெயர். விடை தெரியாதவர் 'கடம்', அதாவது கடன், ஏற்றுக்கொள்ள வேண்டும்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று வரிசையாக ஊர்கள். அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. இந்த எல்லை கிராமங்களில் இந்த விளையாட்டை ஆடினால் ஒரு விசித்திரம் நேரும். பாடம் நன்றாகத் தெரிந்த குழந்தையும் தோற்கக்கூடும். காரணம் வேதியியல் அல்ல; பெயர்.

பெயர்ச் சிக்கலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்துடன் சேர்க்க வேண்டும் என்று போராடியபோது, நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரை தாலுகாவையும் கேட்டது. கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. உறவும் சந்தையும் பேச்சும் கோட்டின் இருபுறமும் தொடர்ந்தன. பாடப் புத்தகங்கள் மட்டும் பிரிந்தன.

ஆட்டத்தைத் தொடங்கலாம். முதல் கேள்வி சுலபமானது. "சுவருக்குள் ஒளிந்திருந்து விளக்கெரிய வைப்பேன். குத்துவிளக்கின் பித்தளையில் பெரும்பங்கு நான். மழைக்காலம் வருமுன் ரப்பர் மரத்தின் இலை உதிராமலிருக்க மருந்தாகத் தெளிக்கப்படுவேன். நான் யார்?" செம்பு. தமிழிலும் செம்பு, மலையாளத்திலும் செம்பு. அதன் உப்பான துருசை மலையாளத்தில் துரிசு என்கிறார்கள். சுண்ணாம்புடன் அதைக் கலந்து தயாரிப்பதுதான் போர்டோ கலவை. ரப்பர் தோட்டங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் விடை சொல்ல ஒருவரும் தயங்கமாட்டார்கள்.

இரண்டாவது: "ரப்பர் பாலைக் கட்டியாக்க நான் வேண்டாம், அதற்கு அமிலம் உண்டு. ஆனால் அந்த ரப்பர் டயராக வேண்டுமானால் நான் இல்லாமல் முடியாது. பட்டாசிலும் இருப்பேன்." கந்தகம். சூடாக்கிய ரப்பருடன் கந்தகம் சேர்ந்தால் அது வெயிலில் இளகாது, குளிரில் நொறுங்காது என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். மலையாளத்திலும் அதே சொல்தான். முதல் எழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி உச்சரிப்பார்கள்.

மூன்றாவது: "தென்னைக்கு உரமாகப் போகிறேன். ஏத்தன் பழத்தில் நிறைய இருக்கிறேன். உங்கள் உடம்பிலும் இருக்கிறேன். பத்தாயிரம் அணுக்களில் ஒன்றுக்குச் சற்று அதிகமாக எனக்குக் கதிர்வீச்சு குணம் உண்டு." பொட்டாசியம். வாழைப்பழத்துக்கும் கதிர்வீச்சா என்று பயப்பட வேண்டாம். அளவு மிகச் சிறியது. உடம்பும் தனக்கு வேண்டிய பொட்டாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெளியேற்றிவிடும்.

இதுவரை இரண்டு மொழிக் குழந்தைகளும் சமம். நான்காவது கேள்வியில்தான் சறுக்கல் தொடங்குகிறது. "வீட்டுக் கூரையில் என் பெயர் இருக்கிறது. நான் இல்லை." விடை, தகரம். தகரம் என்பது பழைய தமிழில் வெள்ளீயத்தின் பெயர். ஆனால் தகரக் கூரை என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. பிஸ்கட் வரும் தகர டப்பாவிலும் உடம்பு இரும்புதான். மேலே மெல்லிய பூச்சாக மட்டும் வெள்ளீயம்.

ஐந்தாவது கேள்வி சமையலறைக்குப் போகிறது. தமிழ் வீட்டில் ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்குத் தனி மணம். இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். மலையாளத்தில் வெறுமனே ஈயம் என்றால் பெரும்பாலும் காரீயம்தான். பொழியூர்க் கடற்கரையில் வலையை நீருக்குள் இழுக்கும் குண்டும், ஆட்டோ ரிக்ஷா பேட்டரியின் தகடும் அந்த ஈயம்தான். ரசம் என்றால் சாப்பாட்டு ரசம் ஒரு பக்கம் இருக்க, பாதரசத்துக்கும் மலையாளத்தில் அதே பெயர். 'ஈயச் சொம்பில் ரசம்' என்ற தமிழ்ச் சொற்களை வேதியியல் வகுப்பில் ஒரு மலையாளச் சிறுவன் படித்தால், காரீயப் பாத்திரத்தில் பாதரசம் என்று விளங்கிக்கொள்ளலாம். பாட்டிக்குப் பசியைத் தூண்டுவது பேரனுக்கு விஷக் குறிப்பு.

இது வெறும் சிரிப்பு அல்ல. வெள்ளீயமும் காரீயமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். காரீயம் கலந்த பாத்திரத்தில் புளிப்பான பண்டம் கொதித்தால் விஷம் உணவில் இறங்கும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். ஒரே பெயர் இரண்டு பொருள்களைச் சுமக்கும்போது கடைக்காரரிடம் எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது கேள்விதான் இந்த மண்ணின் சொந்தக் கேள்வி. "கடற்கரை மணலில் கிடந்தேன். கயிற்றில் ஒட்டிக்கொண்டு கப்பலேறினேன். கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸாக வெளிச்சம் தந்தேன். நான் யார்?" தோரியம். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் இருப்பதை 1909-ல் கண்டுகொண்டவர் ஜெர்மானியரான ஷோம்பர்க். அவர் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரியர் உருவாக்கிய விளக்கு வலைக்கு 99 சதவீதம் தோரியம் ஆக்சைடும் 1 சதவீதம் சீரியம் ஆக்சைடும் தேவைப்பட்டன. ஐரோப்பாவின் தெரு விளக்குகள் எரியத் திருவிதாங்கூர் மணல் போனது. இன்று மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டில். மோனசைட் மணலுக்குப் பெயர்போன சவறா கேரளத்தில். தாது மணலுக்கு எல்லை தெரியாது. சுதந்திரத்துக்குப் பிறகு, எதிர்கால அணுமின்சாரத்துக்கான எரிபொருளாக ஹோமி பாபா நம்பியதும் இதே தோரியத்தைத்தான். தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233-ல் இயங்கும் சிறிய ஆராய்ச்சி உலையான 'காமினி' கல்பாக்கத்தில் 1996-ல் செயல்படத் தொடங்கியது.

ஆறு கேள்விக்கும் விடை சொல்லிவிட்ட குழந்தையைக் கடைசியில் ஒரு கேள்வி மடக்கலாம். "இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் என்ன?" தமிழ்நாட்டுப் புத்தகத்தில் தனிமம். மலையாளப் புத்தகத்தில் மூலகம். கடல் கடந்து யாழ்ப்பாணம் போனால் அங்கே தமிழ்ப் புத்தகத்திலேயே மூலகம். அதாவது பாறசாலையில் மலையாளம் படிக்கும் சிறுமிக்கும் யாழ்ப்பாணத்தில் தமிழ் படிக்கும் சிறுமிக்கும் சொல் ஒன்று. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் களியக்காவிளைச் சிறுமிக்கு வேறு.

தமிழில் வேதியியல் இன்று நேற்று வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிரீனின் முயற்சியில் உருவான 'கெமிஸ்தம்' 1875-ல் வெளிவந்தது. அச்சானது நாகர்கோவிலில். அப்போது நாகர்கோவிலும் பாறசாலையும் ஒரே ராஜ்யம். 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். பின்னர் 'திண்ணை ரசாயனம்' எழுதியவரும் அதே ராஜாஜிதான்.

கேரள அரசு தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. ஆனால் பிளஸ் டூ அறிவியலில் நுழைந்ததும் புத்தகம் ஆங்கிலமாகிவிடும். பத்து வருடம் தமிழில் படித்தவருக்கும் மலையாளத்தில் படித்தவருக்கும் அங்கே ஒரே திகைப்பு. தெரிந்த பொருள்கள் தெரியாத பெயரில் வந்து நிற்கின்றன. தனக்கு வேதியியல் வராது என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. துருசு தெளித்த அப்பாவின் மகள், வலைக்கு ஈயம் கட்டும் மீனவரின் மகன், இவர்களுக்கா வராது?

இதற்கு மருந்து பெரிய திட்டம் ஒன்றும் அல்ல. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று கட்டங்களில் பெயர்கள், நான்காவதில் குறியீடு. குறியீடு எந்த மொழியிலும் மாறாது. தனிமங்களுக்கு லத்தீன் பெயரின் எழுத்துகளையே குறியீடாக வைக்கலாம் என்று 1813-14-ல் வழி காட்டியவர் சுவீடனின் பெர்சீலியஸ். 1828-29-ல் தோரியத்தைக் கண்டுபிடித்தவரும் அவரே. அவர் கண்டுபிடித்த தனிமம் இந்தக் கடற்கரையில் ஏராளம். அவர் கொடுத்த பொதுமொழி மட்டும் பிள்ளைகளுக்கு மிகத் தாமதமாக வந்து சேருகிறது.

கடங்கதையில் விடை தெரியாதவர்தான் கடன்படுவார். இந்த ஆட்டத்தில் பிள்ளைக்கு விடை தெரியும். பெயரை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கடன் கேட்பவர்கள் கணக்கில்தான் ஏற வேண்டும்.