வெட்டிய மலையில் ஏறலாம், வெட்டாத மலையை விட்டுவிடலாம்

சித்தூர் பக்கம் பாறை ஏறுவதற்கென்று ஒரு பொதுப் பூங்கா வேண்டும். அதுவும் கிரானைட்டை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குவாரி ஒன்றில் வேண்டும். இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. "ஏம்ப்பா, குடிக்கத் தண்ணிக்கே அல்லாடுற ஊர்ல விளையாட்டுப் பூங்காவா?" என்று ஊர் நண்பர் ஒருவர் போனிலேயே சிரித்துவிட்டார். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள் :-)

நம்மில் பலருக்கு சித்தூர் பக்கம் மலை என்றால் திருமலை மட்டும்தான். அலிபிரியில் ஆரம்பித்து மூவாயிரத்து ஐந்நூறு படிகளுக்கு மேல் "கோவிந்தா" சொல்லிக்கொண்டே ஏறினால் நமக்கு மலையேற்றம் முடிந்தது. ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வழியெல்லாம் பாறைதான். நகரியைத் தாண்டும்போது மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் நகரி மூக்கு. சித்தூரைத் தாண்டி மேற்கே போனால் யானைக்கூட்டம் படுத்திருப்பதுபோல் உருண்டைப் பாறைகள். குப்பம் போனால் கிரானைட். 'குப்பம் பச்சை' என்ற பெயரிலேயே அந்தக் கல் உலகச் சந்தையில் விற்கிறது. இங்கே நம் வீட்டுச் சமையலறை மேடையில் பளபளப்பது எந்த ஊர் மலையின் துண்டோ, யார் கண்டது!

கல்லை எடுத்த இடம் என்ன ஆகிறது? ஆழமான பள்ளம். மழை பெய்தால் குட்டை. வேலி இருக்காது, பலகை இருக்காது. கோடை விடுமுறையில் நீச்சலடிக்கப் போன பிள்ளைகள் குவாரிக் குட்டையில் மூழ்கினார்கள் என்ற செய்தியைத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் வருடா வருடம் படிக்கிறோம். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

நான் இருக்கும் மாசசூசெட்ஸில் பாஸ்டனுக்குத் தெற்கே குவின்ஸி என்று ஒரு ஊர். பங்கர் ஹில் நினைவுத் தூணுக்கு இங்கிருந்துதான் கல் போனது. அந்தக் கல்லை இழுக்கவே 1826ல் ஒரு ரயில்பாதை போட்டார்கள். கடைசிக் குவாரி 1963ல் மூடியது. பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது, குதித்து விளையாடிய பலர் செத்தார்கள். நம்ம ஊர்க் கதையேதான். பிறகு அரசாங்கம் நிலத்தை வாங்கியது. பாஸ்டனில் சுரங்கச் சாலை தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து பெரிய பள்ளத்தை நிரப்பினார்கள். இன்று அது மாநிலப் பூங்கா. வார இறுதியில் போனால், வெட்டுமுகம் தெரியும் கிரானைட் சுவரில் கயிறு கட்டி ஏறுபவர்களைப் பார்க்கலாம். என் மகளும் அங்கேதான் முதலில் பாறை ஏறினாள். பிள்ளைகளைக் கொன்ற பள்ளம் பிள்ளைகள் விளையாடும் இடமாக மாறியிருக்கிறது. இது குப்பத்தில் ஏன் முடியாது?

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'சுரங்கத்துக்குப் பக்கத்தில் பூங்கா' என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று குவின்ஸி வகை: வெட்டி முடித்த இடத்தை மக்களுக்குத் திருப்பித் தருவது. இன்னொன்று அரிசோனா வகை. அங்கே ஓக் ஃபிளாட் என்ற இடம் அப்பாச்சி பழங்குடிகளுக்குப் புனிதமானது. பாறை ஏறுபவர்களுக்கும் பிரியமானது. 1955லேயே சுரங்கம் தோண்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்த நிலம். அடியில் தாமிரம் இருக்கிறது என்றதும், ஏறுபவர்களுக்கு ஈடாக வேறோர் இடத்தில் பாறை ஏற்றப் பூங்கா அமைக்கலாம் என்று 2000களின் நடுவில் பேச்சு நடந்தது. அந்தப் பூங்கா வரவே இல்லை. நிலத்தைக் கம்பெனிக்கு மாற்றித்தரும் சட்டம் மட்டும் 2014ல் வந்தது. அப்பாச்சிகளின் வழக்கை எடுத்துக்கொள்ள 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

ஆக, பூங்கா என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிடக் கூடாது. அது மலைக்குக் கொடுக்கும் உயிரா, மலையை எடுத்துக்கொண்டு கொடுக்கும் மிட்டாயா என்று பார்க்க வேண்டும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி ஜனங்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 2022ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024 நவம்பரில் அந்த வட்டாரமே டங்ஸ்டன் ஏலத்தில் போனது. சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற குன்றுகளை விட்டுத்தர மாட்டோம் என்று ஊர் ஊராக எழுந்து நின்றார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே யாரும் மாற்றுப் பூங்கா கேட்கவில்லை. மலையைத்தான் கேட்டார்கள்.

சித்தூர், திருப்பதிக்கும் அதே கணக்குதான். சேஷாசலம் 2010லிருந்து உயிர்க்கோளக் காப்பகம். திருமலையின் சிலாதோரணம் தேசிய புவியியல் நினைவுச்சின்னம். இங்கெல்லாம் ஆணி அடிக்கிற பேச்சே வேண்டாம். கழுகுகள் கூடு கட்டும் பாறையிலும் வேண்டாம். ராமநகரத்தில் 2012ல் பிணந்தின்னிக் கழுகுகளுக்கென்றே சரணாலயம் அமைத்தது சும்மா இல்லை. ஏற்கனவே காயப்பட்ட பாறை போதும். வெட்டாத பாறை அப்படியே நிற்கட்டும்.

செலவு? பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. வெடி வைத்த இடங்களில் தளர்ந்த கல் நிற்கும். முதலில் அதை இறக்க வேண்டும். ஆழக் குட்டைக்கு வேலி வேண்டும். சுவரின் உச்சியில் கயிறு மாட்டத் தரமான ஆணிகள், முதலுதவி, கழிப்பறை, அவ்வளவுதான். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே 2015 சட்டத் திருத்தத்தில் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. அந்தப் பணத்தில் குடிநீருக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் முதலிடம், என் நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் குட்டைக்கு வேலி போடுவதும் உயிர் காக்கிற வேலைதானே? அந்த வேலையோடு சேர்த்து இதையும் செய்யலாம் என்கிறேன்.

"பெங்களூர் சாஃப்ட்வேர் பசங்க வந்து ஏறிட்டுப் போவாங்க, ஊர்க்காரனுக்கு என்ன?" இது நியாயமான கேள்வி. அதனால்தான் தனியார் ரிசார்ட் வேண்டாம், பொதுப் பூங்கா வேண்டும் என்கிறேன். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவசம், வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணம், வருமானம் பஞ்சாயத்துக்கு. வேலை யாருக்கு? உளியால் தட்டி, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் ஓடுகிறதா என்று சொல்லும் குவாரித் தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். பாறையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்த மலையேற்றப் பயிற்சியாளருக்கும் தெரியாது. கயிறும் முடிச்சும் கற்றுக்கொடுத்தால் அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார். டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலும் பாறை ஏற்றம் இருக்கிறது. தினமும் பாறையில் ஆடு மேய்க்கிற பையனுக்குக் கால் எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கல் தீர்ந்த பிறகு ஊர் என்ன செய்யும் என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. சித்தூரிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் எத்தனை குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயின! 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடியது. ஜனங்களுக்கு மிஞ்சியது சயனைடு கலந்த மண்மேடு. காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். மூடிய பிறகு யோசித்தால் இதுதான் கதி. குப்பத்தில் இன்னும் கல் ஓடிக்கொண்டிருக்கிறது. யோசிக்க வேண்டிய நேரம் இதுதான்.

அடுத்த விடுமுறையில் திருப்பதிக்குப் போகிறீர்களா? தரிசனம் முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சிலாதோரணத்தைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் ஒரு குவாரிப் பள்ளத்தையும், தூரத்தில் நின்றபடி, காட்டுங்கள். அப்புறம் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரோ வாத்தியாரோ தெரிந்தவர் இருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தக் குவாரி மூடினப்புறம் இந்த இடம் யாருக்கு?" பூங்கா வருகிறதோ இல்லையோ, அந்தக் கேள்வியை ஊரில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.