இஞ்ச் டேப் எடுத்தீங்களா, சார்?

ஓர் ஆண்மகன் வாழ்க்கையில் கட்டில் விஷயம் இரண்டு தடவை வருகிறது. முதல் கட்டில் சீர்வரிசையோடு வந்து இறங்கிவிடுவதால் நமக்கு அனுபவம் பத்தாது. இரண்டாவது, அப்பாவுக்கு. அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

போன வருஷம் அப்பாவுக்கு லேசான பக்கவாதம். வயது 76. இடது கால் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்துவிட்டது. பிசியோதெரபி, கைத்தடி என்று தேறி, பாத்ரூம் வரை தானே நடக்க ஆரம்பித்தார். ஆயுள் முழுக்கக் கோரைப்பாயில் படுத்த மனுஷர். இனி தரையில் படுத்தால் எழுப்ப நாலு பேர் வேண்டும். மாமனார் கொடுத்த தேக்குக் கட்டிலை அப்பா ரூமுக்கு மாற்றினோம்.

"நல்ல மெத்தையா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா தீர்ந்தது" என்று கிளம்பினேன். நான் பி.காம். விலை கூடினால் சுகமும் கூடும் என்பது என் பொருளாதாரம்.

கடைக்காரப் பையன் சொன்னான்: "இது மெமரி ஃபோம், சார். உங்க உடம்பு ஷேப்பை ஞாபகம் வெச்சுக்கும். படுத்துப் பாருங்க!"

படுத்தேன். ஐந்து நிமிஷத்தில் குறட்டையே வந்துவிட்டது. எட்டு இஞ்ச் மெத்தை, 26 ஆயிரம் ரூபாய், பன்னிரண்டு தவணை. படுக்கப்போகிறவர் அப்பா, படுத்துப் பார்த்தவன் நான் என்பது அப்போது உறைக்கவில்லை.

"எனக்கே காலையில சாப்பிட்டது மறந்துபோகுது. மெத்தைக்கு எதுக்குடா ஞாபகசக்தி?" என்றபடி அப்பா அதில் புதைந்தார்.

"சௌகரியமா இருக்காப்பா?"

"ம்."

அப்பாக்கள் பொய் சொல்வது ஓர் எழுத்தில்தான்.

ஒரு வாரம் கழித்து மனைவி கேட்டாள். "ஏங்க, மாமா ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லை, கவனிச்சீங்களா? ராத்திரி மோர் கூட வேண்டாங்கிறார்."

போய் விசாரித்தேன். ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார். "தண்ணி குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும். இந்த மெத்தையில நானா எந்திரிக்க முடியலை. உன்னைக் கூப்பிடணும். காலையில உனக்கு வேலை இருக்குல்ல?"

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் என் பிழைப்பை 'வேலை' என்று அப்பா ஒப்புக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. சந்தோஷப்பட முடியவில்லை.

அடுத்த ஐடியா, ஹேண்டில் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில். வாடகைக்கே கிடைக்கிறது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அது வீட்டுக்குள்ள வந்தா நான் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகலைன்னு அர்த்தம்டா."

கடைசியில் வழி சொன்னது பிசியோதெரபிஸ்ட் அம்மாள்தான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இஞ்ச் டேப் எடுத்தீங்களா, சார்?"

ஷர்ட் தைக்கக்கூட அளவு எடுக்கிறோம். கட்டிலுக்கு யார் எடுத்தார்கள்?

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, முட்டி மடிப்பிலிருந்து தரை வரை அளந்தார். 18 இஞ்ச். கட்டில் 17, மெத்தை 8, மொத்தம் 25! பி.காம். கூட்டத் தவறிய கணக்கு. ஓரத்தில் உட்கார்ந்தால் அப்பாவின் கால், ஸ்கூல் பெஞ்சில் எல்.கே.ஜி. பையன் கால் மாதிரி தொங்கியது.

"உட்கார்ந்தா பாதம் முழுசா தரையில படியணும். முட்டியை விட ஒரு இஞ்ச் உசரம் இருந்தா எந்திரிக்க சுலபம். கையை ஊன்றினா மெத்தை அமுங்கக் கூடாது. நல்ல கால் பக்கமா இறங்கற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடுங்க."

எழவே முடியாதவர்களுக்குக் கணக்கு வேறு என்றும் சொன்னார். அவர்களுக்கு ஹேண்டில் கட்டிலும் காற்று மெத்தையும் வேண்டும். காற்று மெத்தை இருக்கிறதே என்று நாம் தூங்கிவிடவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும்.

எங்களுக்கு நாலு இஞ்ச் தேங்காய்நார் மெத்தை போதும் என்றார். 17-ம் 4-ம் 21. இரண்டு இஞ்ச் அதிகம். கட்டில் காலை வெட்ட வேண்டும். மாமனார் கொடுத்த கட்டில்! பயந்துகொண்டே மனைவியைப் பார்த்தேன். "ஆசாரிக்கு போன் பண்ணுங்க" என்றாள். சுவரில் பிடித்து எழ ஒரு ஸ்டீல் கைப்பிடி, பாத்ரூம் வழியில் ஒரு நைட் லேம்ப். எல்லாம் சேர்ந்து, நான் கட்டிய மூன்று தவணைக்குள் அடங்கிவிட்டது.

அன்று ராத்திரி இரண்டு மணி. அப்பா ரூமில் கைத்தடிச் சத்தம். டொக்... டொக்... எழுந்து ஓடப்போனேன். மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். பாத்ரூம் குழாய்ச் சத்தம். மறுபடி டொக்... டொக்... கட்டில் லேசாக முனகியது. பிறகு அப்பாவின் குறட்டை. அப்புறம்தான் நாங்கள் மூச்சே விட்டோம்.

மறுநாள் சாயங்காலம் அப்பா அதட்டினார். "ஏம்மா, ராத்திரிக்குத் தலைமாட்டுல ஒரு சொம்பு தண்ணி வைக்கணும்னு இந்த வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

மெமரி ஃபோம் இப்போது எங்கள் ரூமில், தரையில். நான்தான் படுக்கிறேன். சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. இன்னும் ஒன்பது தவணை பாக்கி என்று தினமும் முதுகில் குத்துகிறது.