விளக்கு அணையாத பத்து நிமிஷம்

புதிய பஞ்சாங்கம் வெளிவந்த அன்றே பழையதைப் பரணில் எறிந்துவிடுகிறவர்கள் ஒரு சாரார். பாட்டனார் வாங்கி வைத்த பஞ்சாங்கத்தையே இன்றும் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்றொரு சாரார். வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்திலும் இவ்விரு சாராரையும் காண்கிறோம். 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்ற எழுத்துக்கள் திரையில் தோன்றியவுடன் கை துறுதுறுத்து அழுத்திவிடுவோர் உண்டு. 'ஓடுகிற யந்திரத்தில் கை வைக்கலாகாது' என்று வருஷக்கணக்கில் சும்மா இருப்போரும் உண்டு. மற்ற புரோகிராம்களில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ஆனால் மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையில் உறையும் 'பயாஸ்' விஷயத்தில், அவசரம், அசட்டை ஆகிய இரண்டுமே நஷ்டத்தில் கொண்டுபோய் விடக்கூடும் என்பது நமது அபிப்பிராயம். அதற்குக் காரணம் கூறுவோம்.

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியவுடன் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் அன்று. அதற்கு முன்பே, மதர்போர்டில் சுண்டுவிரல் நகத்தினும் சிறிய ஒரு சில்லில் எழுதி வைக்கப்பட்ட புரோகிராம் ஒன்று எழுந்து, பிராசஸர் இருக்கிறதா, ஞாபகப் பலகைகள் சரியாயிருக்கின்றனவா, டிஸ்க் எங்கே இருக்கிறது என்றெல்லாம் விசாரித்து, வீட்டைக் கூட்டித் தெளித்து வைத்த பிறகே விண்டோஸை எழுப்புகிறது. இதுதான் பயாஸ். 1981-ம் வருஷம் வெளிவந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் இது 8 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தது. தொழிற்சாலையில் எழுதியது எழுதியதுதான், மாற்ற வேண்டுமானால் சில்லையே கழற்றி வேறு சில்லைப் பொருத்தவேண்டும். இன்று பெரும்பாலான மதர்போர்டுகளில் உள்ள சில்லின் அளவு 16 அல்லது 32 மெகாபைட். அதில் குடியிருப்பது யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை; எனினும் பயாஸ் என்ற பழைய பெயரே இன்னும் வழக்கில் நின்றுவிட்டது.

1990-களில், வீட்டில் இருந்தபடியே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சில்லுகள் வழக்கத்துக்கு வந்தன. சௌகரியம் வந்தது, கூடவே அபாயமும் வந்தது. 1999-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதியன்று சி.ஐ.எச். என்ற வைரஸ் பல தேசங்களில் கம்ப்யூட்டர்களின் டிஸ்குகளை அழித்ததோடு நில்லாமல், இடம் கிடைத்த மதர்போர்டுகளில் பயாஸ் சில்லின் மேலும் கண்டபடி எழுதிவிட்டது. அன்று அவ்வாறு தாக்குண்டவற்றின் பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. எழுப்ப வேண்டியவனே உறங்கிவிட்டால் மற்றவர்களை எழுப்புவது யார்?

இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொண்டால், மேலே நாம் கூறப்போகும் எச்சரிக்கைகள் யாவும் தாமே விளங்கும். ஃபிளாஷ் சில்லில் பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்தை அப்படியே எழுத இயலாது. பகுதி பகுதியாக முதலில் அழித்து, பிறகே எழுதவேண்டும். பழையது போய்ப் புதியது முற்றிலும் வந்து சேராத அந்தச் சில நிமிஷங்களில் மின்சாரம் நின்றுபோனால், சில்லில் இருப்பது பழைய பயாஸும் அன்று, புதிய பயாஸும் அன்று.

அப்படியானால் தொடாமலே இருந்துவிடலாமே என்று நேயர்கள் கேட்கலாம். 2024-ம் வருஷத்து வரலாறு இதற்குப் பதில் சொல்லும். இன்டெல் கம்பெனியின் 13, 14-ம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் பிராசஸர்கள் சில, காரணம் தெரியாமல் தடுமாறத் தொடங்கின. அளவுக்கு மேற்பட்ட வோல்டேஜைப் பிராசஸரே கேட்டு வாங்கிக்கொண்டு நாளடைவில் தன்னையே கெடுத்துக்கொள்கிறது என்று கண்டறிந்து, அவ்வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அதற்கான திருத்தங்களை இன்டெல் வெளியிட்டது. அவை மதர்போர்டு கம்பெனிகளின் புதிய பயாஸ் வழியாகவே வீடுகளுக்கு வந்தன. அந்தத் திருத்தம் மேற்கொண்டு கேடு நேராமல் தடுக்குமேயன்றி, ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரைக் குணப்படுத்தாது. 'ஓடுகிற யந்திரம்தானே' என்று வாளாவிருந்தவர்களின் யந்திரம் ஓடிக்கொண்டேதான் கெட்டது.

இதற்கு முந்திய 2023-ம் வருஷத்தில், ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகிப்போன செய்திகள் வெளிவந்தன. எஸ்.ஓ.சி. வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தும் பயாஸ்தான் அதற்கும் பரிகாரமாக வந்தது. அதே வருஷம் டிசம்பரில், கம்ப்யூட்டர் எழும்போது திரையில் தோன்றும் கம்பெனிச் சின்னத்தின் படத்தை வாசிக்கும் பகுதியிலேயே ஓட்டை இருப்பது 'லோகோஃபெயில்' என்ற பெயரால் வெளியாயிற்று. விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே உள்ளே நுழையும் திருடனுக்கு, விண்டோஸில் போட்ட பூட்டு என்ன செய்யும்?

ஆகவே எப்போது மாற்றலாம் என்பதற்கு நாம் கூறும் விதி இது: கம்பெனியின் வலைத்தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே இரண்டு மூன்று வரிகளில் குறிப்பு எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். பாதுகாப்புத் திருத்தம், உங்கள் பிராசஸருக்கு நேரும் தீங்கை விலக்கும் திருத்தம், நீங்கள் மெய்யாகவே அனுபவிக்கும் கோளாறுக்குப் பரிகாரம், நீங்கள் வாங்கப்போகும் புதிய பிராசஸருக்கு ஆதரவு, இவற்றில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள். உங்கள் வீட்டில் இல்லாத உறுப்புக்கான திருத்தமாயிருந்தால் அவசரம் வேண்டாம். 'பீட்டா' என்று குறித்த பதிப்பைச் சோதனை பார்ப்பவர்களுக்கே விட்டுவிடுங்கள். பிராசஸரை மாற்றுவோர், பழைய பிராசஸர் இருக்கும்போதே புதிய பயாஸை எழுதிக்கொள்ளவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஏ.எம்.4 மதர்போர்டுகளில், 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 வரிசையைப் பழைய பயாஸுக்கு அடையாளமே தெரியாது.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதற்காரியம் சாவி. மதர்போர்டு போனால் வேறொன்று வாங்கலாம். குழந்தைகளின் புகைப்படங்களையும், பத்திர நகல்களையும், பெற்றோரின் வைத்தியக் குறிப்புகளையும் எந்தக் கடையில் வாங்குவது? இன்றைய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்கு முழுவதும், வீட்டார் அறியாமலே, பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. பயாஸ் மாறியதும், 'இது நம் வீடுதானா?' என்று அது சந்தேகித்து 48 இலக்கங்கள் கொண்ட ஒரு சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்னதாகவே பார்த்துக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, பயாஸ் மாற்றும் வேளைக்கு மட்டும் பிட்லாக்கரை இடைநிறுத்தி வையுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்வதும் இப்போதுதான், பிறகு அன்று.

இரண்டாவது, பெயர்ப் பொருத்தம். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கத்தைத் திறந்தால், மதர்போர்டின் பெயரும் இப்போதுள்ள பயாஸ் பதிப்பும் தேதியும் காணப்படும். பெயர் ஒன்றாயிருந்தும் திருத்த எண் வேறாயிருக்கும் பலகைகள் உண்டு. அவ்வெண் பலகையின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது வேறு பலகை என்றே கொள்ளுங்கள். கம்பெனி முழுதாகச் செய்து விற்ற கம்ப்யூட்டராயிருந்தால், அந்தக் கம்பெனியின் பயாஸையே நாடவேண்டும்.

மூன்றாவது, கோப்பு. கம்பெனியின் சொந்த வலைத்தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்கலாகாது. சுருக்கிய கோப்பை விரித்து, ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவில் வையுங்கள். கூடவே வரும் குறிப்பையும் படியுங்கள். சிற்சில பதிப்புகளுக்கு முன் இன்னொரு பதிப்பை இடையில் ஏற்றவேண்டும் என்றோ, ஏற்றிய பின் பழையதற்குத் திரும்ப இயலாது என்றோ அதில் எழுதியிருக்கும்.

நான்காவது, மின்சாரம். தமிழ்நாட்டில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளும் இடமும் பத்திரிகைகளில் முன்கூட்டியே வெளியாகின்றன. அந்த நாளையும், இடி மழை நாளையும் தவிருங்கள். யு.பி.எஸ். இருந்தால் உத்தமம். வீட்டு இன்வெர்ட்டரை நம்புவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மின்சாரம் போய் பாட்டரி கைகொடுப்பதற்குள் ஏற்படும் கணநேர இடைவெளியை மின்விசிறி பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொறுக்காமல் அணைந்துவிடக்கூடும். ஆகையால் முந்தின நாளே, வேலைகளைச் சேமித்துவிட்டு, மெயின் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். மடிக் கம்ப்யூட்டராயிருந்தால் பாட்டரியும் நிறைந்திருக்கவேண்டும், சார்ஜரும் இணைந்திருக்கவேண்டும்.

ஐந்தாவது, பயாஸ் பக்கங்களில் இப்போதுள்ள அமைப்புகளைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். வேகம் கூட்டுவதற்காகச் செய்த மாற்றங்களை நீக்கி, இயல்பான நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஞாபகப் பலகை தடுமாறும் நிலையில் பயாஸை எழுதுவது, கை நடுங்கும்போது மையால் கையெழுத்திடுவது போன்றது.

பிறகு கம்ப்யூட்டரை எழுப்பும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்று, அங்கேயே உள்ள கருவியால் எழுதுங்கள். ஏஸஸ் பலகையில் அதற்கு இ.ஸி. ஃபிளாஷ் என்றும், ஜிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ் என்றும், எம்.எஸ்.ஐ.யில் எம்-ஃபிளாஷ் என்றும் பெயர். ஆரம்பித்த பின் உங்கள் வேலை கையைக் கட்டிக்கொண்டிருப்பது ஒன்றே. கம்ப்யூட்டர் தானே இரண்டு மூன்று முறை அணைந்து எழலாம். டி.டி.ஆர்.5 ஞாபகப் பலகை உள்ளவற்றில், முதல் தடவை திரை பல நிமிஷங்கள் இருண்டே கிடக்கும். அது புதிய பயாஸ் ஞாபகப் பலகையைப் பழகிக்கொள்ளும் நேரம். 'நின்றுவிட்டது போலும்' என்று பொத்தானை அழுத்துகிறவர்தான், மின்வாரியம் செய்யாத மின்வெட்டைத் தாமே செய்துகொள்கிறார்.

எழுந்த பின், முன்னே எடுத்த படங்களைப் பார்த்து அமைப்புகளைத் திரும்ப வையுங்கள். முக்கியமாக டிஸ்க்கை அணுகும் முறை முன்போலவே இருக்கவேண்டும். அது மாறினால் விண்டோஸ் விழிக்க மறுக்கும். புதிய பதிப்பு எண்ணைச் சரிபார்த்து, பிட்லாக்கரை மீண்டும் இயக்குங்கள்.

இவ்வளவு செய்தும் பலகை விழிக்காமற்போனால்? உடனே 'போர்டு போய்விட்டது' என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் புதிது வாங்கிவிட வேண்டாம். மின்னிணைப்பை நீக்கி, சி.எம்.ஓ.எஸ். ஞாபகத்தை அழித்துப் பாருங்கள். பல மதர்போர்டுகளின் பின்புறத்தில், பிராசஸரின் உதவியே இன்றி, பென் டிரைவிலிருந்து பயாஸை எழுதிவிடும் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிறது. கோப்புக்கு இன்ன பெயர் இடவேண்டும் என்பது கையேட்டில் காணப்படும். சில பலகைகளில் இரண்டாவது பயாஸ் சில்லே உண்டு. இவையொன்றும் இல்லாவிட்டாலும், சில்லை வெளிக்கருவியால் நேராக எழுதும் வித்தை தெரிந்த ரிப்பேர்க்காரர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். புதிய மதர்போர்டு வாங்குவோர், ஃபிளாஷ்பேக் பொத்தான் உண்டா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

சுதேசியம் என்றால் நம் நாட்டிலேயே செய்த பொருளை வாங்குவது என்று மட்டும் நாம் நினைக்கிறோம். எங்கோ செய்த பொருளாயினும், வீட்டுக்குள் வந்த பின் அதன் குணதோஷங்களை வீட்டார் அறிந்திருப்பதும் சுதேசியத்தில் சேர்ந்ததே. ஒரு பலகையைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பம், பயமுறுத்துகிறவர் யாராயினும் அவருக்குப் பணத்தை எடுத்து நீட்டவேண்டியதுதான். ஆகையால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலுள்ள பையனையோ பெண்ணையோ பக்கத்தில் உட்கார்த்தி, மதர்போர்டின் பெயர், திருத்த எண், பயாஸ் பதிப்பு, அந்த 48 இலக்கங்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கம்பெனியின் குறிப்பை அவர்களே உரக்கப் படிக்கட்டும். மாற்ற வேண்டியிராவிட்டால் நோட்டை மூடி வைத்துவிடலாம். மாற்ற வேண்டியிருந்தால், அந்த வாரத்து மின்நிறுத்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.