அயல்நாட்டில் ஆசிரியப் பணியும் கொடுக்கப்படும் வீடும்



சூனேம் ஊரில் வாழ்ந்த செல்வப் பெண்மணியொருத்தி, தன் வீட்டு வழியாய் அடிக்கடி சென்றுவந்த இறைவாக்கினர் எலிசேயுவுக்கென மாடியில் ஒரு சிற்றறை கட்டுவித்தாள் என அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு ஆகிய நான்கு பொருள்களை அவள் அவ்வறையில் வைத்தாள். வழிப்போக்கனுக்கு எது தேவையென அவளே எண்ணிப் பார்த்துச் செய்தாள். அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்று நம் பங்குகளிலிருந்து மாலத்தீவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆசிரியப் பணிக்காகச் செல்லும் இளைஞர் பலர், ஞானஸ்நானச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டிப் பங்கு இல்லத்திற்கு வருகின்றனர். அவர்கள் கையிலுள்ள பணிநியமனத் தாளில், சம்பளத்திற்கு அடுத்தபடியாக, 'பர்னிஷ்டு அக்காமடேஷன்' என இரு சொற்கள் காணப்படுகின்றன. பொருள்களோடு கூடிய தங்குமிடம் என்பதே அதன் பொருள். "வீடு இலவசமாம் சாமி!" என்று பெற்றோர் மகிழ்கின்றனர். ஆனால் அங்கே வீடு கொடுப்பவர் சூனேம் பெண்மணி அல்லர். ஊழியரை வேலைக்கு அமர்த்தும் நிர்வாகத்தினர். ஆகவே என்ன வேண்டுமென்பதை நாம்தான் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

முதலாவது, 'தங்குமிடம்' என்ற சொல் முழு வீட்டைக் குறிப்பதில்லை. வளைகுடா நாடுகளில் பள்ளி நிர்வாகம் ஒரு கட்டடத்தில் சில குடியிருப்புகளை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் இருவர் மூவரை அமர்த்துவது வழக்கம். தனியறை கிடைத்தாலும் சமையலறையும் குளியலறையும் பொதுவாயிருக்கலாம். மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள் உண்டு. மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவே. சிறு தீவுகளின் பள்ளிகளுக்குச் செல்வோர்க்குப் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பத்தார் ஒருவரின் வீட்டில் ஓர் அறையே கிடைக்கும். நிலத்தடி நீர் உப்புக்கரிக்கும் தீவுகளில் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துப் பருகுகின்றனர். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் பல தீவுகளில் உள்ளன. தனியறையா, பங்கீட்டு அறையா? உடன் தங்குவோர் எத்தனை பேர்? பள்ளிக்கு எவ்வளவு தொலைவு? குடிநீர் எங்கிருந்து வருகிறது? இவற்றைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது, 'பொருள்களோடு கூடிய' என்பதற்கு நிலையான அளவுகோல் ஏதுமில்லை. கட்டில், மெத்தை, அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியன இருக்கக்கூடும். தலையணை, விரிப்பு, திரைச்சீலை, பாத்திரங்கள் இருக்குமென எண்ணிவிட வேண்டாம். மாலத்தீவிலும் ஐக்கிய அரபு நாட்டிலும் மின்னழுத்தம் நம் நாட்டைப் போன்றதே. எனினும் அங்கே பெரிதும் வழங்குவது சதுர முனைகள் மூன்றுடைய பிளக் ஆதலால், அதற்கேற்ற இணைப்பான் ஒன்றை எடுத்துச் செல்லுதல் நலம். தாய்மார்கள் அன்பு மிகுதியால் மசாலாப் பொட்டலங்களுடன் கசகசாவையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றனர். ஐக்கிய அரபு நாட்டில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள்; அதன் பொருட்டுச் சிறை செல்லவும் நேரலாம் என்பதை மறவாதீர்.

வீட்டினுள் நுழைந்த முதல் நாளே, அங்குள்ள பொருள்களையும் அவற்றின் நிலையையும் எழுதி, கீறல், உடைசல் உள்ளவற்றைப் படம் பிடித்து, நிர்வாகத்தாரின் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் முன்பு குடியிருந்தவர் உடைத்த பொருளுக்கும் கடைசிச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய இடமுண்டாகும். மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றின் கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். வளைகுடாக் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். குளிர்பதனக் கருவியை இரவும் பகலும் நிறுத்த இயலாது. அந்தக் கட்டணம் ஆசிரியர் தலையில் விழுமாயின், சம்பளத்தில் கணிசமான பகுதி அதிலேயே கரைந்துபோகும்.

மூன்றாவது, இலவசம் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். கொடுக்கப்படும் வீடு தானமன்று. உழைப்பிற்குரிய கூலியின் ஒரு பகுதி. இதைக் கணக்கிலேயே காணலாம். ஐக்கிய அரபு நாட்டுச் சட்டப்படி பணி முடிவில் கிடைக்கும் பணிக்கொடை, முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமாகும். வீட்டின் மதிப்பு அக்கணக்கில் சேராது. அடிப்படைச் சம்பளம் மாதம் 3,000 திர்ஹாம் எனில், ஓராண்டுக்குரிய பணிக்கொடை 2,100 திர்ஹாம். அதே 3,000இல் 1,200ஐ வீட்டிற்கெனப் பிரித்து, அடிப்படையை 1,800 என எழுதிவிட்டால், அது 1,260 ஆகக் குறையும். ஆதலால் மொத்தத் தொகையைக் கண்டு மகிழாமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள்.

மணமானவர்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். 2019இல் ஐக்கிய அரபு நாட்டில் கொண்டுவரப்பட்ட விதிப்படி, குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். ஆனால் பள்ளி தருவது பங்கீட்டு அறையாயின் அதில் மனைவி மக்களை வைத்தல் இயலாது. 'ஓராண்டில் குடும்பத்தை அழைத்துக்கொள்வேன்' என்று சொல்லிச் சென்றவர்களின் பிரிவு பல ஆண்டுகளாய் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகள் தந்தையைத் தொலைபேசியில் மட்டுமே அறிந்து வளரும் குடும்பங்கள் நம் பங்குகளில் இல்லாமலில்லை.

இனி, யாவற்றிலும் முக்கியமான ஒன்று. வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வரும்போது, வேலை போனால் வீடும் போகும். மாதச் சம்பளம் தவறினாலும், தகாத சொல் கேட்க நேர்ந்தாலும், 'இன்றிரவு எங்கே படுப்பது?' என்ற அச்சமே ஆசிரியரின் வாயைப் பூட்டிவிடுகிறது. தனியே வாழும் நம் பெண்மக்கள் நிலை இன்னும் கடினமானது. எனவே பணி முடிந்தபின் எத்தனை நாள் வீட்டில் தங்கலாம், கோடை விடுமுறையில் வீடு உண்டா, அறையின் சாவி வேறு எவரிடம் உள்ளது என்பவற்றை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கான பயணச்சீட்டுக்கும் ஒரு மாதச் செலவுக்குமான தொகையை எவரும் தொடாமல் தனியே வைத்திருங்கள். அது கையிலிருந்தால் நிமிர்ந்து நின்று பேசும் துணிவும் இருக்கும். 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை; அதை நிர்வாகத்தார் பூட்டி வைத்துக்கொள்ளல் முறையன்று. இடருற்றோர்க்கு உதவ 2009ஆம் ஆண்டு முதல் இந்தியத் தூதரகங்களில் சமூக நல நிதி ஒன்று உள்ளது. மாலேயில் இந்திய உயர் ஆணையமும் உண்டு. அவற்றின் தொலைபேசி எண் பிள்ளையிடமும் இருக்கட்டும், உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

இறுதியாக, எந்த நிர்வாகமும் தராத ஒரு பொருள் உண்டு. அதுவே விசுவாச வாழ்வு. துபாயில் 1967இலும் தோகாவில் 2008இலும் ஆலயங்கள் எழுந்தன. அங்கெல்லாம் இறைமக்கள் திரளாய்க் கூடுகின்றனர். மாலத்தீவிலும் சவூதி அரேபியாவிலும் ஆலயம் இல்லை. மாலத்தீவில் ஞாயிறு வேலை நாள். வெள்ளியும் சனியும் விடுமுறை. பிற சமயத்தார் பொதுவில் வழிபடுவதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை; வழிபாட்டுச் சொரூபங்களைக் கொண்டுசெல்லவும் தடையுண்டு. ஆகவே பெட்டியில் சொரூபத்தை மறைத்து வைத்துப் பிள்ளையை இன்னலுக்கு ஆளாக்காதீர். மனப்பாடமாய்ச் சொல்லும் செபங்களும் விரல்களில் எண்ணும் அருள்நிறை மந்திரமும் எந்தச் சுங்கத்திலும் தடுக்கப்படுவதில்லை. சிறுவயது முதல் வீட்டில் குடும்ப செபம் சொல்லிப் பழகிய பிள்ளைக்கே அவை நினைவில் நிற்கும். அப்பழக்கத்தைத் தரும் பொறுப்பு உங்களுடையது.

எலிசேயுவும் தமக்கு இடமளித்தவளை மறக்கவில்லை; 'உனக்கு நான் என்ன செய்யவேண்டும்?' என்னும் கருத்தில் அவளை அழைத்து வினவினார். நம் ஆசிரியர்களும் தங்கிய வீட்டைத் தூய்மையாய்க் காத்து, அவ்வூர் மக்களின் வழக்கங்களை மதித்து, அவர்தம் பிள்ளைகளுக்கு மனமுவந்து கற்பிப்பார்களாக. இம்மாதம் உங்கள் வீட்டிலிருந்து எவரேனும் புறப்படுவதாயின், பெட்டி கட்டுமுன் ஒரு மாலை குடும்பமாய் அமர்ந்து, செபமாலை முடிந்தபின் அந்த ஒப்பந்தத் தாளை வரி விடாமல் வாசியுங்கள். விளங்காத வரியைக் குறித்துக்கொண்டு, விவரமறிந்தோரிடம் காட்டிக் கேளுங்கள். உங்கள் பிள்ளைகள் தங்கும் இல்லங்கள் அனைத்தையும் ஆண்டவர் ஆசீர்வதித்துக் காப்பாராக!