பந்து வீட்டுக்குப் போய்விட்டது!



போன ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் உத்திரமேரூர் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனேன். வழக்கமாக அந்த நேரத்தில் பத்துப் பதினைந்து பையன்கள் அங்கே கால்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். அன்று ஆட்டத்தைக் காணோம். எல்லோரும் புளியமரத்தடியில் கூடி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

என்ன விஷயம் என்று விசாரித்தேன். இங்கிலாந்தில் ஒரு பெரிய கிளப் ஒரு முன்கள வீரருக்கு விலை பேசியதாம். பேச்சு படியவில்லையாம். அவர் வரவில்லை. அந்த கிளப்பின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள்!

"கேட்ட காசைக் கொடுத்திருந்தா வந்திருப்பாரு. கஞ்சப் பசங்க, சார்!" என்றான் ஒருவன்.

"அவ்வளவு காசுக்கு அவன் லாயக்கே இல்ல, சார்!" என்றான் இன்னொருவன்.

வார்த்தை தடித்தது. கிளப்பில் தொடங்கிய பேச்சு வீட்டுப் பெரியவர்கள் வரை போய்விட்டது. பந்துக்குச் சொந்தக்காரப் பையனுக்குக் கோபம் வந்து, பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். லண்டனில் ஒரு கிளப்புக்கு வீரர் கிடைக்கவில்லை. அதற்காக உத்திரமேரூரில் பதினைந்து பேருக்குப் பந்து கிடைக்கவில்லை! இது நியாயமா?

விவாதம் செய்வது தவறு என்று சொல்ல மாட்டேன். விளையாட்டை நேசிப்பவர்கள் பேசத்தான் செய்வார்கள். 2013-ஆம் ஆண்டு ஆர்சனல் கிளப், லிவர்பூலில் ஆடிய லூயிஸ் சுவாரஸுக்காக 4 கோடியே 1 பவுண்டு தருவதாகச் சொன்னது. ஆமாம், 4 கோடிக்கு மேல் சரியாக ஒரே ஒரு பவுண்டு! 4 கோடிக்கு மேல் கேட்டால் அவரை விட்டுவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஆர்சனல் நினைத்தது. லிவர்பூல் மறுத்துவிட்டது. அடுத்த பருவத்தில் சுவாரஸ் லிவர்பூலுக்காகவே ஆடி, லீக் போட்டிகளில் மட்டும் 31 கோல் அடித்தார். 2014-இல் பார்சிலோனாவுக்குப் போனார். இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். சிரிக்கலாம். ஆனால் சட்டையைப் பிடிக்க இதில் என்ன இருக்கிறது?

பையன்களை உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டேன். "நம் நாட்டு வீரர் ஒருவரை லண்டன் கிளப் ஒன்று விரும்பிக் கேட்டும், அவரால் போக முடியவில்லை. அந்தக் கதை தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அவர் சுனில் சேத்ரி. 2008 ஆகஸ்டில் டெல்லியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் தஜிகிஸ்தானை இந்தியா 4-1 என்று வென்றது. அதில் மூன்று கோல் சேத்ரி அடித்தவை. மறு ஆண்டு, 2009-இல், லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. கிளப்புக்கு விருப்பம், வீரருக்கும் விருப்பம். ஆனால் இங்கிலாந்து அரசு பணி அனுமதி தர மறுத்துவிட்டது. காரணம் என்ன தெரியுமா? உலகத் தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்கும் நாட்டின் வீரர்தான் வரலாம் என்பது அப்போதைய விதி. இந்தியாவோ 100-ஐயும் தாண்டிப் பின்னால் இருந்தது.

அவருடைய காலில் குறை இல்லை. அவர் நாட்டின் இடத்தில் குறை. "இது அநியாயம், சார்" என்றான் ஒரு பையன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நம் ஊர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைச் சொல்பவை. தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒரு சிறுவன் கையை விட்டு ஓலையை எடுப்பான். யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை இடக்கூடாது. அவரோடு, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் இடக்கூடாது! ஒருவர் தவறுக்கு, அவரைச் சேர்ந்தவர்களும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சேத்ரியின் ஓலையும் இப்படித்தான் குடத்தில் விழாமல் போனது. கணக்குக் காட்டாத உறவினர்கள் யார்? வேறு யாருமில்லை, நாம்தான்! வீரர்கள் திடலில்தான் உருவாகிறார்கள். அந்தத் திடல்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்?

2018 ஜூன் மாதம் மும்பையில் சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்றது. சேத்ரி மீண்டும் மூன்று கோல் அடித்தார். பார்க்க வந்தவர்கள் சுமார் 2,500 பேர்தான். சேத்ரி ஒரு வீடியோவில் ரசிகர்களைக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். எங்களைத் திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். கென்யாவோடு நடந்த அடுத்த ஆட்டம் அவருக்கு 100-வது சர்வதேசப் போட்டி. டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது! இந்தியா 3-0 என்று வென்றது. அவர் இரண்டு கோல் அடித்தார்.

லண்டன் கதவு மூடியதும் சேத்ரி சோர்ந்து உட்காரவில்லை. 2010-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி கிளப்புக்கும், 2012-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் கிளப்பின் இரண்டாம் அணிக்கும் போனார். அங்கே பெரிய வாய்ப்புகள் அமையவில்லை. திரும்பி வந்து பெங்களூரில் ஆடினார். இந்தியாவுக்காக 90-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்திருக்கிறார்.

இன்னும் ஒரு கேள்வி. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் கோப்பையை வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியவர். உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இங்கிலாந்து வீரரின் விலையைப் பவுண்டில் சொல்லத் தெரிந்த நமக்கு, நம் மாநிலத்து அக்காவின் பெயர் தெரியாமல் இருக்கலாமா?

வெளிநாட்டு கிளப்பை ரசிப்பதில் தப்பே இல்லை, செல்வங்களே. தாராளமாக ரசியுங்கள். ஒரு வீரர் வராமல் போனால், விலையா, விதியா, விருப்பமா என்று காரணத்தைத் தேடிப் படியுங்கள். பிறகு வாதாடுங்கள். வராத வீரரையும், எதிரில் நிற்கும் நண்பனையும் ஏசாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது உங்கள் ஊர்த் திடலில் ஆடுங்கள். ஆட முடியாதவர்கள் போய்க் கை தட்டுங்கள்.

அன்று இருட்டும் வரை பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு பேர் கிளம்பினார்கள். "எங்கேடா?" என்றேன்.

"அவன் வீட்டுக்கு, சார். மன்னிப்புக் கேக்கணும். அப்புறம் பந்தும் வேணுமே!" என்றார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உண்டாம். நானும் போகப் போகிறேன். சரியாக ஆடாவிட்டால் கரையில் நின்று திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா?